மரத்தால் ஒரு முட்டை ஓடு: கணினி வடிவமைக்கும் மெல்லிய கூரைகள்



சென்ற ஆண்டு நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். உயர்நிலை மூன்று மாணவர்கள் வாய்மொழிப் பயிற்சிக்காக ஆளுக்கொரு தலைப்பில் மூன்று நிமிடம் பேச வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஒரு மாணவன் ஒரு படத்தோடு வந்தான். "டீச்சர், இது ஜெர்மனில இருக்கிற கட்டடம். உள்ள தூணே இல்ல. முழுக்க ப்ளைவுட். ஒவ்வொரு துண்டும் வேற வேற சைஸ், ரோபோ வெட்டினது. இதப் பத்திப் பேசவா?" என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. "தமிழ்ல இதெல்லாம் சொல்றது கஷ்டம்பா, வேற ஈசியான தலைப்பா எடு" என்று சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. அடுத்த வாரம் நேரத்தின் அருமை பற்றி மனப்பாடம் செய்து வந்து ஒப்பித்தான். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அவன் குரல் அதில் இல்லை.

அதே படத்தை வைத்துக்கொண்டு ஆங்கில வகுப்பில் அவன் பத்து நிமிடம் பேசினான் என்று சக ஆசிரியர் ஒருவர் பிறகு சொன்னார். அன்றுதான் எனக்கு உறைத்தது. 'இது தமிழுக்கு ஒத்துவராத தலைப்பு' என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது வேறு யாரும் இல்லை, தமிழாசிரியராகிய நான்தான். உண்மையில் சொல்லத் தெரியாமல் இருந்தது தமிழுக்கு அல்ல, எனக்கு.

அதனால் விடுமுறையில் உட்கார்ந்து படித்தேன். நான் பொறியாளர் இல்லை. ஆனால் புரிந்துகொண்டதை வகுப்பில் சொல்லும் அளவுக்கு எளிமையாக்கி இங்கே தருகிறேன். கட்டுரைக்கும் வாய்மொழிக்கும் உதவும் சொற்களையும் பயிற்சிகளையும் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.

எந்த ஓடு?

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். 'ஓட்டுக் கூரை' என்றால் நம் தாத்தா பாட்டிக்குச் சீமை ஓடு வேய்ந்த வீடுதான் நினைவுக்கு வரும். இங்கே நாம் பேசுவது அந்த ஓடு இல்லை. முட்டை ஓடு, ஆமை ஓடு, தேங்காய் ஓடு என்கிறோமே, அந்த ஓடு. மெல்லியதாக இருக்கும், வளைந்திருக்கும், உள்ளே வெற்றிடத்தை மூடிக்கொண்டு நிற்கும். இப்படித் தன் வளைவினாலேயே சுமையைத் தாங்கி நிற்கும் மெல்லிய கட்டமைப்பை 'ஓட்டுக் கட்டமைப்பு' என்று அழைக்கலாம். அதையே மரத்தால் செய்தால் மர ஓட்டுக் கட்டமைப்பு.

டிஷ்யூ பரோட்டா கற்றுத்தரும் பாடம்

வளைவுக்கு ஏன் இவ்வளவு வலிமை? வகுப்பில் ஒரு தாளை எடுத்து ஓர் ஓரத்தை மட்டும் பிடித்துக் காட்டுங்கள். மறு ஓரம் தொங்கிவிடும். அதே தாளை நடுவில் சற்றுக் குழிவாக வளைத்துப் பிடியுங்கள். இப்போது நேராக நிற்கும். தாள் மாறவில்லை, எடை மாறவில்லை, வடிவம் மட்டும்தான் மாறியது. கடையில் டிஷ்யூ பரோட்டா சாப்பிட்டவர்களுக்கு இது தெரிந்த கதைதான். அவ்வளவு மெல்லிய மாவு, தட்டில் விரித்துப் போட்டால் துவண்டு கிடக்கும். கூம்பாகச் சுருட்டி வைத்தால் முழ உயரம் நிற்கும்.

காரணம் இதுதான். ஒரு தட்டையான பலகையின் மேல் சுமை வைத்தால் அது வளைகிறது. வளையும்போது மேல்பக்கம் நசுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது, நடுப்பகுதி பெரிதாக எந்த வேலையும் செய்வதில்லை. அதாவது பொருளில் ஒரு பகுதி சும்மா இருக்கிறது. எனவே தட்டைக் கூரை தாங்க வேண்டுமானால் அதைத் தடிமனாக்க வேண்டும், அல்லது அடியில் உத்தரமும் தூணும் கொடுக்க வேண்டும். ஓட்டில் அப்படி இல்லை. சுமை அந்த வளைந்த பரப்பின் ஊடாகவே வழிந்து தரைக்குப் போகிறது. முழுத் தடிமனும் சேர்ந்து வேலை செய்கிறது. அதனால் மெல்லியதாக இருந்தாலும் போதும்.

எவ்வளவு மெல்லியது? ஒரு கோழி முட்டை ஏறத்தாழ 44 மில்லிமீட்டர் அகலம், ஓட்டின் தடிமன் ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர். வகுத்தால் அகலம் தடிமனைப் போல் சுமார் 125 மடங்கு. என் மாணவன் கொண்டுவந்த படத்திலிருந்த கட்டடத்தின் அகலம் 11 மீட்டர், சுமை தாங்கும் பலகையின் தடிமன் 50 மில்லிமீட்டர். வகுத்துப் பாருங்கள், 220 மடங்கு. விகிதத்தில் பார்த்தால் அது முட்டை ஓட்டைவிட மெல்லியது!

தலைகீழான தோரணம்

வளைவு வேண்டும், சரி. எந்த வளைவு? கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று ஏதோ ஒரு வளைவை வரைந்துவிட முடியாது. தவறான வளைவு என்றால் ஓடு மறுபடியும் பலகையைப் போல வளையத் தொடங்கிவிடும்.

இதற்கு விடை சொன்னவர் இங்கிலாந்து அறிவியலாளர் ராபர்ட் ஹூக். 1675இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட ஒரு புதிராக அவர் அதை வெளியிட்டார். கருத்து மிக எளிது. வாசலில் தோரணம் கட்டுகிறோம். இரண்டு முனைகளையும் ஆணியில் மாட்டினால் கயிறு தானாகவே ஒரு வளைவில் தொங்குகிறது. கயிற்றுக்கு இழுபட மட்டும்தான் தெரியும், நிமிர்ந்து நிற்கத் தெரியாது. எனவே அது தொங்கும் வடிவம் முழுக்க முழுக்க இழுவிசையால் ஆன வடிவம். அந்த வடிவத்தை அப்படியே உறையவைத்துத் தலைகீழாகத் திருப்பினால், இழுவிசை இருந்த இடமெல்லாம் அழுத்தவிசையாக மாறும். வளைக்கும் விசைக்கு அங்கே இடமில்லை. அதுதான் நல்ல வளைவு. ஸ்பெயினின் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடி இந்த முறையில்தான் கயிறுகளில் சிறு எடைப் பைகளைத் தொங்கவிட்டு ஒரு தேவாலயத்தின் வடிவத்தைத் தேடினார்.

'தேடினார்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வடிவத்தை வரைவது ஒன்று, தேடுவது வேறொன்று. வரையும்போது நாம் முடிவு செய்கிறோம். தேடும்போது புவியீர்ப்பு விசை முடிவு செய்கிறது, நாம் கேட்டுக்கொள்கிறோம்.

மன்ஹைம், 1975

இந்தத் தேடலை மரத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மானியர் ஃபிரை ஓட்டோ. 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் கூடாரம் போன்ற கூரையில் பங்காற்றியவர். 2015இல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

1975இல் மன்ஹைம் நகரில் நடந்த தோட்டக்கலைக் கண்காட்சிக்காக, கட்டடக் கலைஞர் கார்ல்ஃபிரீட் முட்ஷ்லர் குழுவினரோடு சேர்ந்து அவர் 'முல்டிஹாலே' என்னும் மண்டபத்தை உருவாக்கினார். அதன் எலும்புக்கூடு என்ன தெரியுமா? 50 மில்லிமீட்டருக்கு 50 மில்லிமீட்டர் அளவுள்ள ஹெம்லாக் மரச்சட்டங்கள். நம் பிள்ளைகளின் கணுக்கை அளவுதான். அந்தச் சட்டங்களை 50 சென்டிமீட்டர் இடைவெளியில் பின்னிய வலைதான் சுமார் 60 மீட்டர் அகலம் வரை தூணில்லாமல் மூடுகிறது.

முதலில் சுமார் 1:100 அளவில் சங்கிலி வலை ஒன்றைத் தொங்கவிட்டு வடிவத்தைத் தேடினார்கள். பிறகு அதைப் படமெடுத்து அளந்து, கிளாவுஸ் லிங்க்விட்ஸ் குழுவினர் கணினியில் ஒவ்வொரு கணுவின் இடத்தையும் கணக்கிட்டுத் திருத்தினார்கள். கட்டியதும் விநோதமான முறையில்தான். சட்டங்களைத் தரையில் தட்டையாக, பாய் பின்னுவதுபோலப் பரப்பி, சந்திக்கும் இடங்களில் திருகாணிகளைத் தளர்வாகப் போட்டார்கள். பிறகு அடியிலிருந்து சாரக் கோபுரங்களால் மெல்ல மெல்லத் தூக்கினார்கள். சதுரக் கட்டங்கள் சாய்சதுரங்களாகச் சரிந்து, தட்டையான பாய் குமிழாக எழும்பியது. வடிவம் வந்ததும் திருகாணிகளை இறுக்கினார்கள்.

இவ்வளவு மெல்லிய கூரை தாங்குமா? பொறியாளர்களான ஓவ் ஆரப் நிறுவனத்தினர் கணக்குப் போட்டார்கள். அதோடு நிற்கவில்லை. தண்ணீர் நிரப்பிய குப்பைத்தொட்டிகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டுச் சோதித்தார்கள். கூரை தாங்கியது. கண்காட்சி முடிந்ததும் பிரித்துவிடலாம் என்று கட்டிய மண்டபம் 1998 முதல் பாதுகாக்கப்படும் நினைவுச்சின்னமாக இருக்கிறது.

கணினி என்னதான் செய்கிறது?

'கணினிவழி வடிவமைப்பு' என்றால் பலர், கணினித் திரையில் படம் வரைவது என்று நினைக்கிறார்கள். அது வரைபலகைக்குப் பதில் திரை, அவ்வளவுதான். இங்கே நடப்பது வேறு. வடிவமைப்பாளர் வடிவத்தைக் கொடுப்பதில்லை, விதிகளைக் கொடுக்கிறார்.

காலை அணிவகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு மாணவர்கள் திடலில் நிற்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் 'நீ இந்த இடத்தில் நில்' என்று நாம் புள்ளி வைத்துச் சொல்வதில்லை. "கைய நீட்டி இடைவெளி விட்டு நில்லுங்க" என்று ஒரே ஒரு விதியைச் சொல்கிறோம். ஒருவன் நகர்ந்தால் பக்கத்தில் இருப்பவனும் நகர்கிறான். ஒரு நிமிடத்தில் எல்லாரும் சரியாக நின்றுவிடுகிறார்கள்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் அக்கிம் மெங்கஸ், யான் க்னிப்பர்ஸ் ஆகிய பேராசிரியர்களின் குழுவினர் இதே போலத்தான் செய்தார்கள். கூரையின் ஒவ்வொரு பலகையும் கணினிக்குள் அணிவகுப்பில் நிற்கும் மாணவனைப் போன்றது. அதற்குச் சில விதிகள். கடையில் கிடைக்கும் ஒட்டுப்பலகையின் அளவைத் தாண்டக்கூடாது. ரோபோவின் கை எட்டும் அளவுக்குள் இருக்க வேண்டும். பக்கத்துப் பலகையோடு சேரும் கோணம் வெட்டக்கூடியதாக இருக்க வேண்டும். கூரையின் வளைவு கூடும் இடத்தில் பலகை சிறிதாக வேண்டும். எல்லா விதிகளும் நிறைவேறும்வரை பலகைகள் திரையில் நகர்ந்து, சுருங்கி, விரிந்து இடம்பிடித்துக்கொள்கின்றன. ஒரு விதியை மாற்றினால் முழுக் கூரையும் தானே மாறிக்கொள்ளும். இதைக் கையால் செய்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மாதக்கணக்கில் வரைய வேண்டியிருக்கும்.

கடல் முள்ளெலியின் கூடு

என் மாணவன் காட்டிய கட்டடம், 2014இல் ஷ்வேபிஷ் க்முண்ட் என்ற ஊரில் நடந்த மாநிலத் தோட்டக்கலைக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட மண்டபம். 243 பீச் மர ஒட்டுப்பலகைகள். ஒன்றைப் போல மற்றொன்று இல்லை. அவற்றின் ஓரங்களில் சுமார் 7,600 விரல் பொருத்துகள். இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொள்வது போல ஒரு பலகையின் பல்லும் அடுத்த பலகையின் பல்லும் ஒன்றுக்குள் ஒன்று இறங்குகின்றன. பழைய மேசையின் இழுப்பறையைத் திறந்து மூலையைப் பாருங்கள், அதே பொருத்துதான். தச்சர்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வேலை. ஆனால் இழுப்பறையின் கோணம் எப்போதும் 90 பாகை. இங்கே ஒவ்வொரு ஓரத்திலும் வேறு கோணம். தச்சர் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு செய்ய வேண்டும். ரோபோவுக்கு அந்தக் கவலை இல்லை. 243 பலகைகளும் ஒரே மாதிரி இருந்தாலும், வேறு வேறாக இருந்தாலும் அது வெட்டிக்கொண்டே போகும்.

இந்தப் பலகைகளை அடுக்கும் முறையை அவர்கள் கற்றுக்கொண்டது 'மணல் டாலர்' என்னும் தட்டையான கடல் முள்ளெலியிடம். அதன் கூடு பல சிறு தகடுகளால் ஆனது. ஒரு புள்ளியில் மூன்று தகடுகளே சந்திக்கின்றன. நான்கு சந்திப்பதில்லை. ஏன் மூன்று?

இதை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். அட்டையில் சமபக்க முக்கோணங்கள் ஏழு வெட்டிக்கொள்ளுங்கள். மூன்றை ஒரு முனையில் சேர்த்து, தொடும் பக்கங்களை எல்லாம் ஒட்டுத்தாளால் ஒட்டுங்கள். அடிப்பாகம் இல்லாத கூம்பு போல வரும். அசைத்துப் பாருங்கள், அசையாது. மீதி நான்கையும் அதேபோல ஒட்டி அசைத்துப் பாருங்கள். மடங்கி மடங்கி விரியும். ஒட்டுத்தாள் ஒரு கீல் போல வேலை செய்கிறது. விரல் பொருத்தும் அப்படித்தான். ஒரு பலகை மற்றொன்றை உரசி நழுவாமல் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் கீல் போல மடங்குவதைப் பெரிதாகத் தடுக்காது. மூன்று மூன்றாகச் சேர்த்தால் அந்தக் குறை தானே அடைபட்டுவிடுகிறது. பொருத்து பலவீனமாக இருக்கும் இடத்தில் வடிவம் கைகொடுக்கிறது. என் வகுப்பில் இந்தச் சோதனையைச் செய்தபோது பேசாத பிள்ளைகள்கூட "டீச்சர், அஞ்சு ஒட்டினா?" என்று கேட்டார்கள். செய்து பார்க்கச் சொன்னேன். நீங்களும் சொல்லுங்கள்.

மொத்தம் 12 கனமீட்டர் மரத்தில் 245 சதுர மீட்டர் ஓடு எழுந்தது. வெட்டியபின் மிஞ்சிய துண்டுகளில் பெரும்பகுதியை வீணாக்காமல் தரைக்குப் பதித்தார்கள்.

பலகை பெட்டியானது

அடுத்த படி 2019. ஹைல்பிரான் நகரில் தேசியத் தோட்டக்கலைக் கண்காட்சி. இந்த முறை 30 மீட்டர் அகலம், ஏறக்குறைய மூன்று மடங்கு. அப்படியானால் பலகையையும் தடிமனாக்க வேண்டாமா? தடிமனாக்கினால் எடை கூடும். எடை கூடினால் அதைத் தாங்க இன்னும் தடிமன் வேண்டும்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு நம் வீட்டு அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. அட்டையின் ஓரத்தைப் பாருங்கள். இரண்டு மெல்லிய தாள்கள், நடுவில் நெளிவு, மீதி வெறும் காற்று. முன்பு சொன்னேனே, வளையும் பலகையில் மேலும் கீழும்தான் உழைக்கின்றன, நடுப்பகுதி சும்மா இருக்கிறது என்று. அந்தச் சும்மா இருக்கும் பகுதியை எடுத்துவிட்டு, மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் தள்ளி வைத்தால் எடை கூடாமலே விறைப்பு கூடும். ஒரு பலகையின் தடிமன் இரட்டிப்பானால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது இயற்பியல். அந்த லாபத்தின் பெரும்பகுதி காற்றை நடுவில் வைத்தே கிடைத்துவிடுகிறது.

எனவே அவர்கள் பலகைகளுக்குப் பதில் உள்ளே வெற்றிடமுள்ள 376 மரப்பெட்டிகளைச் செய்தார்கள். இரண்டு ரோபோக்கள் சேர்ந்து மரத்தை எடுத்து வைத்து, பசை தடவி, ஒரு பெட்டியைப் பொருத்த எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக எட்டு நிமிடம். சுமார் 17,000 விரல் பொருத்துகள். ஒரு சதுர மீட்டருக்கு எடை 38 கிலோ மட்டுமே. முன்னதைவிட மும்மடங்கு அகலத்தை மூடியும் பரப்புக்கு ஏற்ற மரத்தின் அளவு ஏறத்தாழ மாறவில்லை. தளத்தில் இவற்றைப் பொருத்தியவர்கள் இரண்டே கைவினைஞர்கள். பத்து வேலை நாள்கள். பெட்டிகள் திருகாணிகளால் இணைக்கப்பட்டதால் கழற்றி வேறிடத்தில் மீண்டும் எழுப்பவும் முடியும்.

நம் ஊரில்

சிங்கப்பூரிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. சிங்கப்பூர்த் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தின் டோவர் வளாகத்தில் 2013இல் நூலகத்தை ஒட்டி ஒரு தற்காலிகக் கூடம் கட்டினார்கள். தூணும் உத்தரமும் இல்லாத மர ஓடு. ஒன்றுக்கொன்று வேறுபட்ட சுமார் 3,000 ஒட்டுப்பலகைத் துண்டுகளும் 600 உலோக ஓடுகளும். எல்லாவற்றுக்கும் எண் போட்டு, புதிர்ப்படம் சேர்ப்பது போலச் சேர்த்தார்கள். எனவே வாய்மொழித் தேர்வில் 'உள்ளூர் எடுத்துக்காட்டு உண்டா?' என்று கேட்டால் கைவசம் ஒன்று இருக்கிறது.

புகழ்ந்தால் போதுமா?

நம் மாணவர்கள் தொழில்நுட்பக் கட்டுரை எழுதும்போது நன்மைகளை அடுக்கிவிட்டு முடித்துவிடுகிறார்கள். இருபக்கமும் பார்த்தால்தான் கருத்து ஆழம் பெறும்.

நன்மை என்ன? வளரும் மரம் காற்றிலிருந்து கரியமிலவாயுவை எடுத்துக்கொள்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். அந்த மரம் கட்டடமாக நிற்கும்வரை கரிமம் அதற்குள்ளேயே இருக்கும். சிமெண்ட் தயாரிப்பதோ கரியமிலவாயுவை வெளியிடுகிறது. குறைந்த மரத்தில் அதிக இடத்தை மூட முடிந்தால் காட்டுக்கும் நல்லது.

வரம்பு என்ன? வெட்டிய இடத்தில் மரம் நட்டு வளர்த்தால்தான் மேற்சொன்ன கணக்கு செல்லும். மரத்துக்கு ஈரம் பகை. நம்மைப் போன்ற மழையும் புழுக்கமும் உள்ள ஊரில் கரையானும் பகை. மேலே நல்ல உறையும் தொடர்ந்த பராமரிப்பும் இல்லாவிட்டால் எவ்வளவு நுட்பமான ஓடும் உளுத்துப்போகும். ஓடு எடை குறைவாக இருப்பதால் காற்று அதைத் தூக்கிவிடாதபடி தரையோடு இறுகக் கட்டவும் வேண்டும். வளைந்த கூரைக்கு மேல் இன்னொரு மாடி கட்ட முடியாது. எனவே இது அடுக்குமாடி வீட்டுக்கு மாற்று அல்ல. மண்டபம், கண்காட்சிக்கூடம், விளையாட்டரங்கு போன்றவற்றுக்கே பொருந்தும்.

வேலை போய்விடுமா என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது. பலகையை அறுத்து அளவெடுக்கும் வேலையை ரோபோ எடுத்துக்கொண்டது உண்மை. ஆனால் அந்த விதிகளை எழுதியவர்கள் மனிதர்கள். எந்த மரம் எப்படி நடந்துகொள்ளும் என்று சொன்னது தச்சரின் அனுபவம். பெட்டிகளைத் தூக்கிப் பொருத்தியது இரண்டு மனிதரின் கைகள். வேலை மறையவில்லை, வேறொன்றாக மாறியிருக்கிறது. மாறிய வேலைக்கு யாருக்குப் பயிற்சி கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதுதான் நாம் விவாதிக்க வேண்டிய கேள்வி.

வகுப்பில் பயன்படுத்த

சொற்கள்: ஓட்டுக் கட்டமைப்பு, ஒட்டுப்பலகை, விரல் பொருத்து, இழுவிசை (இழுக்கும்போது உண்டாவது), அழுத்தவிசை (நசுக்கும்போது உண்டாவது), விறைப்பு (எளிதில் வளையாத தன்மை), வடிவம் தேடுதல், கணினிவழி வடிவமைப்பு. இவற்றை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். தாள், தோரணம், அட்டை மூன்றையும் காட்டிவிட்டுப் பிறகு சொல்லுங்கள். பொருளைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்குச் சொல் தானாக ஒட்டிக்கொள்ளும்.

பேச்சும் எழுத்தும்: வாய்மொழியில் நல்ல பேச்சுத்தமிழ் போதும். கட்டுரையில் எழுத்துத்தமிழ் வேண்டும். ஒரே கருத்தை இருவகையிலும் சொல்லிப் பழகலாம். கீழே இருப்பது அதே மாணவன் இந்த ஆண்டு, உயர்நிலை நான்கில், எனக்குச் சொன்னது. சென்ற ஆண்டு நான் சொன்னது தவறு என்று அவனிடம் ஒப்புக்கொண்டு, "இப்போ சொல்லு, கேக்கிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுச் சொன்னான்:

"இந்தக் கூரைக்குத் தூணே கெடையாது டீச்சர். அது வளைஞ்சு இருக்கிறதால வெயிட்ட எல்லாம் தானே கீழ கொண்டுபோயிடுது. ஒவ்வொரு பலகை எப்படி இருக்கணும்னு கம்ப்யூட்டருக்கு ரூல்ஸ் குடுத்தாங்க. ரோபோ வெட்டுச்சு. ஆனா மாட்டினது மனுஷங்கதான்."

ஐந்து வாக்கியம். ஒன்றும் விட்டுப்போகவில்லை. பிறகு இருவரும் சேர்ந்து அதை எழுத்துக்கு மாற்றினோம்:

"இக்கூரைக்குத் தூண்கள் இல்லை. அது வளைந்திருப்பதால் தன் எடையைத் தானே தரைக்குக் கடத்துகிறது. ஒவ்வொரு பலகையும் எவ்வாறு அமைய வேண்டும் என்ற விதிகளை வடிவமைப்பாளர்கள் கணினிக்கு வழங்கினர். அவ்விதிகளின்படி கணக்கிடப்பட்ட பலகைகளை ரோபோ வெட்டியது. எனினும், அவற்றை இணைத்துக் கூரையாக்கியவர்கள் மனிதர்களே."

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை: 'இருக்கிறதால' என்பது 'இருப்பதால்' ஆகிறது. 'ஆனா' என்பது 'எனினும்' அல்லது 'ஆனால்' ஆகிறது. 'மனுஷங்கதான்' என்பதில் உள்ள அழுத்தத்தை எழுத்தில் ஏகாரம் காக்கிறது. 'ரூல்ஸ்', 'வெயிட்' ஆகியவற்றுக்குத் தமிழ்ச்சொல் கைவசம் இருக்கிறது. 'ரோபோ' அப்படியே இருக்கட்டும், தவறில்லை.

பயிற்சி வினாக்கள்

1. தட்டையான கூரைக்கும் ஓட்டுக் கூரைக்கும் சுமை தாங்கும் முறையில் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. தொங்கும் தோரணத்திலிருந்து கட்டடக் கலைஞர்கள் எதைக் கற்றுக்கொண்டார்கள்?
3. 'வடிவத்தை வரைவது', 'வடிவத்தைத் தேடுவது' ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொந்த நடையில் எழுதுக.
4. 'இயந்திரங்கள் வளர வளர மனித உழைப்பின் மதிப்பு குறைகிறது.' இக்கருத்தை ஒட்டியோ வெட்டியோ, இக்கட்டுரையிலிருந்து ஒரு சான்றும் உங்கள் அனுபவத்திலிருந்து ஒரு சான்றும் தந்து எழுதுக.
5. வாய்மொழி: உங்கள் பள்ளியில் தூண் இல்லாத ஒரு கூரை கட்ட வாய்ப்புக் கிடைத்தால் அதை எங்கே அமைப்பீர்கள்? ஏன்?

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பிள்ளை உங்களுக்குத் தெரியாத தலைப்போடு வந்து நின்றால், 'கஷ்டம்' என்று சொல்வதற்கு முன், "எனக்கும் தெரியாது, நீ சொல்லு பாப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். அவன் தடுமாறுவான். சொல் கிடைக்காமல் நம்மைப் பார்ப்பான். அந்த நேரத்தில் எடுத்துக் கொடுக்கத்தானே நாம் இருக்கிறோம்.